55 அதிகாரம் பாக்கி

வாசகியின் கடிதம்:

ஐயா, சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். 36 வயது. வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், நானும் கூட உட்கார்ந்து வேலை செய்வேன். எங்கள் சபைப் பெண்கள் சேர்ந்து ஒரே வருடத்தில் வேதாகமத்தை முடிப்பது என்று ஜனவரியில் ஆதியாகமத்தில் தொடங்கினோம். வார நாளில் 3 அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை 5. முடித்தவர்கள் வாட்ஸ்அப் குழுவில் டிக் போட வேண்டும். ஜூலை முதல் வாரத்தில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. 17 நாள் வேதத்தைத் தொடவே முடியவில்லை. ஆனால் டிக் மட்டும் தினமும் போட்டுவிட்டேன். அவர் வீட்டுக்கு வந்த வாரமே சின்னவனுக்கு டெங்கு. நான் வாசிக்காமல் விட்டதால்தானோ என்று பயந்துபோனேன். இப்போது சரியாகிவிட்டது. ஆனாலும் 55 அதிகாரம் பாக்கி என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது. ராத்திரி உட்கார்ந்து ஈடுகட்டப் பார்த்தால், சரியாக வாசித்தேனா என்று சந்தேகம் வந்து ஒரே வசனத்தை நாலைந்து தடவை வாசிக்கிறேன். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. "என்னம்மா போட்டிருக்கு அதுல?" என்று கேட்பார். நேரமில்லை என்று சொல்லிவிடுகிறேன். கிருபை இலவசம் என்று வாராவாரம் பிரசங்கத்தில் கேட்கிறேன். இலவசம் என்றால் எனக்கு ஏன் இவ்வளவு பயம்? வாசிக்காவிட்டால் கிருபை குறையுமா? குறையாது என்றால் தினமும் எதற்கு வாசிக்க வேண்டும்? பொய்யாக டிக் போட்டதை யாரிடம் சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் டெங்குவை முடித்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றின் மேலும் அதுதான் ஏறி உட்கார்ந்திருக்கிறது. டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் கொசு. அது சாக்கடையைத் தேடிப் போகாது. நாம் குழாய் வராத நாளுக்கென்று பிடித்து வைக்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில் கடிக்கும். எங்கேயோ திறந்து கிடந்த டிரம் காரணமாக இருந்திருக்கலாம். உங்கள் வீட்டில் மூடிக் கிடந்த வேதாகமம் காரணம் இல்லை. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொன்னது யோவான் 9-ல் இருக்கிறது. பெற்றவர்களையும் சேர்த்தே விடுவித்துவிட்டார், கவனியுங்கள். டிரம்முக்கு நல்ல மூடியாகப் பார்த்து வாங்குங்கள். அவ்வளவுதான்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் நான் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கும் ஒரு சொல்: பாக்கி.

உங்கள் தொழிலில் அது சரியான சொல். வியாபாரி வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், கொலுசை நிறுத்து வாங்கிக்கொள்கிறார். நடுவில் குறைந்தது சேதாரத்தில் போகும். பேசிய சேதாரத்துக்கு மேல் குறைந்தால் கூலியில் கை வைப்பார். பட்டறையைப் பெருக்கிய தூசியைக்கூட நீங்கள் வெளியே கொட்டுவதில்லை, அதிலும் வெள்ளி இருக்கிறது. விடிந்ததிலிருந்து தராசு முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு, மேலேயும் ஒருவர் தராசு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத் தோன்றினால் அதில் என்ன ஆச்சரியம்? மூன்று அதிகாரம் நிறுத்துக் கொடுத்தால் அன்றைய பாதுகாப்பு கிடைக்கும், குறைத்துக் கொடுத்தால் பிடித்தம். பிடித்தம் சின்னவன் தலையில் விழுந்ததாக நினைத்துவிட்டீர்கள்.

பவுலுக்கும் இந்தக் கூலிக் கணக்கு தெரியும். அவர் கூடாரம் செய்து பிழைத்தவர். ரோமருக்கு எழுதும்போது சொல்கிறார்: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." பட்டறைக்காரருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. சனிக்கிழமை சம்பளத்தைக் கையில் வாங்கும்போது எந்த ஆளும் "ஐயோ, எவ்வளவு பெரிய மனசு" என்று கும்பிட மாட்டார். உழைத்தது, வந்தது. அப்படியானால் உங்கள் மூன்று அதிகாரத்துக்குப் பதிலாகத்தான் கடவுளின் தயவு வருகிறது என்று வைத்துக்கொண்டால், அவர் உங்களுக்குக் கடன்பட்டவர் ஆகிவிடுகிறார். நீங்கள் பணிவினால் பயப்படுவதாக நினைக்கிறீர்கள். ஆழமாகப் பார்த்தால் அந்தப் பயத்துக்குள் ஒரு வியாபாரம் நடந்துகொண்டிருக்கிறது.

கோபப்படாதீர்கள். அந்த வியாபாரத்தை நானும் பல வருடம் செய்தேன். சின்ன வயதில் ஆயர் ஊழியத்துக்கு வந்த புதிதில், எந்த மாதம் எந்தப் புத்தகம் முடித்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைச் சபையில் சொல்லவும் செய்தேன், சாட்சி என்ற பெயரில்.

எபேசியர் 2:8 உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." கடைசிச் சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். ஈவு. இது 'ஈ' என்பதிலிருந்து வருகிறது. ஈ, தா, கொடு மூன்றுக்கும் தொல்காப்பியம் ஒரு வித்தியாசம் சொல்கிறது: தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும்போது 'ஈ', சமமானவனிடம் 'தா', தனக்குக் கீழே இருப்பவனிடம் 'கொடு'. ஆக, கையில் ஒன்றும் இல்லாதவன் வாயிலிருந்து வரும் சொல் 'ஈ'. திருவள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். "வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து." குறியெதிர்ப்பை என்றால், பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கி, அடுத்த வாரம் அதே டம்ளரில் அளந்து திருப்பிக் கொடுக்கிறோமே, அது. திருப்பித் தர வக்கில்லாதவனுக்குக் கொடுத்தால்தான் ஈகை, மற்றதெல்லாம் கைமாற்று என்கிறார்.

நம் ஊரில் கைமாற்று எங்கே இல்லை? கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு மொய் எழுதுகிறோம். அந்த நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும். அவர்கள் வீட்டில் விசேஷம் என்று பத்திரிகை வந்தால் எடுத்துப் புரட்டி, 500 வைத்திருந்தால் நாம் 1,000 வைக்க வேண்டும் என்று முடிவு செய்வோம். நான் மொய்யைக் குறை சொல்லவில்லை, அதனால்தான் எத்தனையோ கல்யாணம் நடக்கிறது. ஆனால் அது பழகிவிட்டதால், யாராவது சும்மா கொடுத்தால் நமக்குக் கூச்சமாக இருக்கிறது. சீக்கிரம் எதையாவது திருப்பிக் கொடுத்துக் கணக்கை நேர் பண்ணிவிடத் துடிக்கிறோம். வேத வாசிப்பை நீங்கள் கடவுளுக்கு வைக்கும் திருப்பி மொய்யாக ஆக்கிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவர் நோட்டு போடவே இல்லை.

இதை எனக்குப் புரிய வைத்தது எந்த இறையியல் கல்லூரியும் இல்லை. ஏற்காட்டுக்கு நான் வந்த முதல் வருடம், டிசம்பர் மாதம், காப்பிப் பழம் பறிக்கிற சமயம். சாயங்காலம் பழத்தை எடை போட்டு முடித்துவிட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், குளிர் வேறு. மத்தேயு 20-ல் இருக்கும் திராட்சத் தோட்டக் கதையைச் சொன்னேன். ஒருவர் விடியற்காலையில் போய் நாளுக்கு ஒரு பணம் என்று கூலி பேசி ஆள் கூட்டி வருகிறார். ஒன்பது மணிக்குக் கொஞ்சம் பேர், பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியில் ஐந்து மணிக்கும் கொஞ்சம் பேர். ஆறு மணிக்குக் கூலி கொடுக்கிறார், எல்லாருக்கும் ஒரே ஒரு பணம்.

கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. சிரிப்பு. "அந்த முதலாளிக்குக் கணக்கு தெரியாது" என்றார் ஒருவர். "நாளைக்கு எவளும் காலையில வரமாட்டா, எல்லாம் அஞ்சு மணிக்குத்தான் வருவாளுங்க" என்றார் இன்னொருவர். நான் தயாரித்து வைத்திருந்த விளக்கம் அதற்கு மேல் எடுபடவில்லை. அப்போது பின்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்த ஒரு பாட்டி சொன்னார்: "அஞ்சு மணி வரைக்கும் வேலை கிடைக்காம நின்னவன் வீட்லயும் ராத்திரிக்கு அடுப்பு எரியணுமில்ல, சாமி."

எத்தனையோ முறை பிரசங்கித்த கதை, எனக்கு இது உறைத்ததே இல்லை. நாளெல்லாம் ஏன் சும்மா நின்றீர்கள் என்று கேட்டதற்கு "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்று அவர்கள் சொன்னதாகத்தான் கதையில் இருக்கிறது. சோம்பேறிகள் இல்லை, யாரும் கூப்பிடாதவர்கள். ஒரு பணம் என்பது அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் பாடு. கணக்குப்படி அவர்களுக்கு அதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் சேரும். அதை வைத்து எந்தப் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றுவது? தோட்டக்காரர் அவர்கள் செய்த வேலையைப் பார்க்கவில்லை, பசியைப் பார்த்தார். அந்தப் பாட்டியும் அதைத்தான் பார்த்தார், ஏனென்றால் அவர் அப்படி நின்றவர்.

நீங்கள் உங்களைக் காலையிலேயே வந்து, நடுவில் 17 நாள் வேலைக்கு மட்டம் போட்ட ஆளாக எண்ணிப் பயப்படுகிறீர்கள். நான் உங்கள் கடிதத்தை வாசித்தவரையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐந்து மணி வரைக்கும் நின்றுகொண்டிருந்த ஆள் நீங்கள்.

சரி, அப்படியானால் தினமும் எதற்கு வாசிக்க வேண்டும்? நல்ல கேள்வி. கிருபை குறையாது என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

யாத்திராகமம் 16-ல் மன்னா என்ற உணவு வருகிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விதைக்கவில்லை, உழவில்லை. காலையில் பனி மாறியதும் தரையில் கிடந்தது. முழுக்க முழுக்க ஈவு. ஆனாலும் ஒவ்வொரு காலையும் கூடாரத்தை விட்டு வெளியே வந்து குனிந்து பொறுக்க வேண்டியிருந்தது. குனிந்ததால் மன்னா விழவில்லை, விழுந்ததால் குனிந்தார்கள். பொறுக்காதவன் மேல் மோசே அபராதம் போட்டதாக எங்கேயும் இல்லை. அவனுக்குப் பசிக்கும், அவ்வளவுதான். தினமும் வாசிப்பது எனக்கு இப்படித்தான் புரிகிறது: கூலிக்குச் செய்யும் வேலை இல்லை, சாப்பாட்டுக்குக் குனிவது.

உங்கள் 55-க்கும் பதில் அங்கேயே இருக்கிறது. மீதி வைத்த மன்னா மறுநாள் புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாகப் பொறுக்கி வைத்தால் கெடவில்லை. மற்றபடி நேற்று பொறுக்காமல் விட்டதை இன்றைக்குச் சேர்த்துப் பொறுக்கும் வழியே கிடையாது, வெயில் ஏறினதும் உருகிப்போய்விடும். அரியர்ஸ் என்ற ஒன்று மன்னாவில் இல்லை. ஆகவே அந்த 55-ஐ விட்டுவிடுங்கள். ராத்திரி உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டாம். இன்றைக்குக் குழு எங்கே இருக்கிறதோ அங்கே சேர்ந்துகொள்ளுங்கள், அல்லது இந்த வருடம் குழுவோடு ஓடுவதையே நிறுத்திவிடுங்கள். இரண்டும் எனக்குச் சம்மதம்.

இன்னொன்று. அதிகாரம் என்பதே பின்னால் வந்த ஏற்பாடு. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் செய்தது. புதிய ஏற்பாட்டில் இப்போது இருக்கும் வசன எண்களை 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டார். தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது 1715-ல். அதற்கு முன் நம் நாட்டில் முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், மனப்பாட ஜெபங்களை வைத்துக்கொண்டே வாழ்ந்து செத்தார்கள். இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன் என்பவர் ஞாயிறு ஆராதனை எப்படி நடக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளையோ "நேரம் இடங்கொடுக்கிற வரைக்கும்" வாசிப்போம் என்கிறார். எனக்கு அந்தச் சொற்றொடர் ரொம்பப் பிடிக்கும். ஒரு வீட்டில் ஒரு வேதாகமம்கூட இல்லாத காலத்தில் கிருபை பெற்றவர்கள்தான் நம் முன்னோர்களில் அதிகம் பேர்.

வருட அட்டவணை கெட்டது என்று சொல்ல வரவில்லை. வேதாகமத்தில் 1,189 அதிகாரம். வாரத்துக்கு உங்கள் கணக்கில் 23, ஆக 52 வாரத்துக்குள் முடிந்துவிடும். யாரோ உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் இப்படிப்பட்ட அட்டவணைகளில் மிகவும் பேர் பெற்ற ஒன்றை 1842-ல் தன் சபைக்குப் போட்டுக் கொடுத்த ராபர்ட் மர்ரே மெக்செயின், ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து ஆயர், அட்டவணைக்கு முன்னாலேயே அதன் ஆபத்துகளையும் எழுதி வைத்தார். வெறும் சடங்காகிவிடலாம். முடித்தோம் என்கிற சுயநீதி வரலாம். கவனமில்லாமல் ஓட்டிவிடலாம். சிலருக்கு அது சுமக்க முடியாத நுகமாகவும் ஆகலாம். மறு வருடமே, 29 வயதில், அவர் இறந்துபோனார். அவருடைய அட்டவணை இன்று உலகமெல்லாம் சுற்றுகிறது, அந்த எச்சரிக்கைப் பக்கத்தைத்தான் நாங்கள் ஆயர்கள் யாரும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதில்லை. மேடையில் கிருபை, இறங்கியதும் கையில் கட்டம் போட்ட தாள். உங்கள் பயத்தில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

உங்கள் அட்டவணையை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜனவரி 1-ல் ஆதியாகமம் 1 என்றால், ஜூலை முதல் வாரத்தில் நீங்கள் சங்கீதம் 120-ஐ ஒட்டி இருந்திருப்பீர்கள். ஆக உங்களுக்கு விட்டுப்போனது சங்கீதத்தின் கடைசி முப்பதும் நீதிமொழிகளில் பெரும்பகுதியும். அந்த முப்பதில் 130-ஆம் சங்கீதம் இருக்கிறது. எட்டே வசனம். "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று தொடங்கும். எலும்பு முறிவு வார்டில் 17 நாள் இருந்தவர் அதை வாசிக்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? மூன்றாம் வசனத்தைப் பாருங்கள்: "கர்த்தாவே, நீர் அக்கிரமங்களைக் கவனித்திருப்பீரானால், யார் நிலைநிற்பான், ஆண்டவரே." கணக்குப் பார்த்தால் ஒருத்தனும் தேறமாட்டான் என்பதைப் பாக்கிப் பட்டியலுக்குள்ளேயே வைத்திருக்கிறது. அந்த ஒரு சங்கீதத்தை மட்டும் விட்டதிலிருந்து எடுத்து வாசியுங்கள். பாக்கித் தீர்ப்பதற்காக வேண்டாம், நன்றாக இருக்கிறது என்பதற்காக.

இனி, திரும்பத் திரும்ப வாசிக்கும் பிரச்சினை. இதை லேசாக விடக் கூடாது. மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்த காலத்தில், ஏதாவது ஒரு பாவம் விட்டுப்போயிருக்குமோ என்று மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்து, அதைக் கேட்ட ஸ்டாவ்பிட்ஸ் என்ற மூத்த துறவியே சலித்துப்போனார் என்பார்கள். 'தேவ நீதி' என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு நடுக்கம். ரோமர் 1:17-ஐ வைத்துக்கொண்டு நாள்கணக்காக மல்லுக்கட்டிய பிறகுதான், அது கடவுள் நம்மிடம் கேட்கிற நீதி இல்லை, நமக்குக் கொடுக்கிற நீதி என்று அவருக்கு வெளிச்சம் வந்தது. ஆக, நல்ல கம்பெனியில்தான் இருக்கிறீர்கள். ஆனால் பயம் போதனையால் மட்டும் போய்விடும் என்று நான் உறுதி தர மாட்டேன். சத்தமாக ஒரு தடவை வாசியுங்கள், புத்தகத்தை மூடுங்கள். சந்தேகம் வந்தால் வரட்டும், திறக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் அடங்கவில்லை, தூக்கம் கெடுகிறது, வாசிப்பைத் தாண்டி அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று மற்றவற்றுக்கும் பரவுகிறது என்றால், அது விசுவாசக் குறைவு இல்லை, மருத்துவம் பார்க்க வேண்டிய ஒன்று. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எப்போது வேண்டுமானாலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. மாமியாரின் எலும்புக்கு டாக்டரிடம் போனவர், இதற்கும் போகலாம்.

டிக் விஷயம். பொய் பொய்தான், அதை நான் சின்னதாக்க மாட்டேன். கிருபை இருக்கிறது என்பதற்காகப் பொய் மெய்யாகிவிடாது. கிருபை இருப்பதால் உண்மையைச் சொல்ல முடியும், அதுதான் வித்தியாசம். ஆனால் குழுவில் எல்லார் முன்னாலும் நீளமாக எழுத வேண்டாம். அது இன்னொரு வகை டிக் ஆகிவிடும், இதயமும் கைகூப்பும் படமுமாக நாற்பது பதில் வரும். குழுவை நடத்துகிற அக்காவை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தனியாகப் பாருங்கள். "ஜூலையில் 17 நாள் நான் வாசிக்கவில்லை அக்கா, வாசித்ததாக டிக் போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்." இவ்வளவு போதும். ஏன், எப்படி என்று விளக்க வேண்டாம். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்தக் குழுவில் பொய் டிக் போட்ட ஒரே ஆள் நீங்கள்தான் என்றால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அவர் காதில் போட்டு வையுங்கள்: டிக்குக்குப் பதில், வாசித்ததில் மனதில் நின்ற ஒரு வரியை எழுதலாம், ஒன்றும் நிற்காத நாளில் சும்மா இருக்கலாம் என்று ஒரு கிழட்டு ஆயர் சொன்னதாக.

அப்புறம் என்ன வாசிப்பது? அடுத்த ஒரு மாதத்துக்கு லூக்கா மட்டும். மொத்தம் 24 அதிகாரம்தான், ஆனால் அதிகாரம் அதிகாரமாகப் போக வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு கதை, அல்லது இயேசு ஒரு வீட்டுக்குள் நுழைந்து வெளியே வருவது வரைக்கும். லூக்கா 15-க்கு வரும்போது இளைய மகனை விட்டுவிட்டு மூத்தவனைப் பாருங்கள். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று அவனும் ஒரு கணக்கு நோட்டோடு வாசலில் நிற்கிறான், ஓர் ஆட்டுக்குட்டி பாக்கி என்று. "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார் அப்பா. வீட்டில் இருந்துகொண்டே கூலிக்காரனாக இருந்துவிட்டான், பாவம்.

வாசிக்கிற நேரம்: காலை நாலரை மணி வேண்டாம், உங்களுக்கு இப்போது தூக்கம் வேண்டும். மாமியாருக்கு ராத்திரிச் சாப்பாடு கொடுக்கும் நேரம்தான் சரியான நேரம். அவர் "என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரி உங்கள் கடிதம் முழுவதையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். சத்தமாக வாசித்தால் திரும்பத் திரும்ப வாசிக்கவும் முடியாது, கேட்கிறவர் விட மாட்டார்.

முதல் நாள் லூக்காவுக்குப் போகாமல் 2 சாமுவேல் 9-ஐ எடுங்கள். 13 வசனம்தான். இரண்டு காலும் முடமான ஒருவன் எங்கேயோ ஒதுங்கிக் கிடக்கிறான். அவனுடைய தாத்தா சவுல்தான் தாவீதைக் கொல்லத் தேடியவர். ஆனாலும் அவனைப் பெற்ற யோனத்தான் தன் பழைய சிநேகிதன் என்பதற்காகத் தாவீது ராஜா அவனைத் தேடிப்பிடித்து, தன் பந்தியில் தினமும் சாப்பிட உட்கார வைக்கிறார். அவன் பதிலுக்கு ஒன்றும் கொடுத்ததாக இல்லை, கால் சரியானதாகவும் இல்லை. அவன் பெயர் மேவிபோசேத். மாமியார் வாயில் நுழையாது. அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே விட்டுவிடுங்கள்.